மூன்றாவது கோட்டை நம்பலாமா?

மல்லசமுத்திரத்து மொட்டைமாடியானாலும் ஜவ்வாது மலைக் காவலூர் ஆய்வகமானாலும் விண்மீனின் எக்ஸ் கதிர் தரைக்கு எட்டாது. காற்றுமண்டலம் மேலேயே விழுங்கிவிடும். அதனால்தான் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளை ஏவினார்கள். அதிலுள்ள லாக்ஸ்பிசி, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கருவி. அது சொல்வதை எதுவரை ஏற்கலாம்?

ஜிஆர்ஓ ஜே2058+42 நல்ல சோதனைக்களம். இந்த இரட்டை விண்மீன் அமைப்பில் நியூட்ரான் விண்மீன், துணை விண்மீன் உதறும் வாயுவை இழுத்துக்கொள்கிறது. காந்தத் துருவங்களில் விழும் வாயு எக்ஸ் கதிரை உமிழ்கிறது. சுழற்சியால் அது நமக்குத் துடிப்பாகத் தெரிகிறது. 2019-இல் இது பொங்கியபோது அமெரிக்காவின் நியூஸ்டார் விண்தொலைநோக்கி பார்த்தது. ஏப்ரல் 10 அன்று அஸ்ட்ரோசாட்டும் பார்த்தது.

துடிப்புக் காலம் 194.22 வினாடி, கூடவே 0.09 ஹெர்ட்ஸில் ஒரு நடுக்கம் என்றது அஸ்ட்ரோசாட் குழு. இவற்றை மறுபேச்சின்றி ஏற்கிறேன். ஒரு ஒளித்துகளைப் பதிந்தபின் அடுத்ததற்குத் தயாராக நியூஸ்டாருக்கு 2.5 மில்லி வினாடி வேண்டும். லாக்ஸ்பிசிக்கு 42 மைக்ரோ வினாடி போதும். காலத்தை அளப்பதில் இது முதல்தரக் கருவி.

தகராறு நிறமாலையில்தான். காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்கள் குறிப்பிட்ட ஆற்றலில் கதிரை உறிஞ்சிக் கோடு விடும். ஒரு லட்சம் கோடி காஸ் புலத்துக்கு அந்த ஆற்றல் சுமார் 11.6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். அடுத்த கோடுகள் ஏறத்தாழ அதன் மடங்குகளில் வரவேண்டும். நியூஸ்டார் 10, 20, 30 அருகே கண்டது. அஸ்ட்ரோசாட் கண்டவை 9.7–14.4, 19.3–23.8, 37.8–43.1. முதல் இரண்டும் பொருந்துகின்றன. மூன்றாவது பொருந்தவில்லை.

பதினான்கின் மும்மடங்கு 42 ஆயிற்றே எனலாம். அப்படியானால் இரண்டாவது 28-இல் இருந்திருக்க வேண்டும். நான்காம் மடங்கு என்றால் கணக்கு சரிவரும். ஆனால் நியூஸ்டார் கண்ட 30 எங்கே போயிற்று?

எனக்குக் கருவியின் மீதே ஐயம். லாக்ஸ்பிசியை நிரப்பும் சீனான் வாயுவின் உறிஞ்சுதிறன் 34.5 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அருகே திடீரென மாறுகிறது. அதற்கு மேலே பின்னணி இரைச்சலும் ஓங்குகிறது. போதாக்குறைக்கு, 2018-இலேயே அதன் மூன்று எண்ணிகளில் ஒன்று நின்றுபோய், இன்னொன்று நிலைதடுமாறியிருந்தது.

ஆகவே துடிப்பும் நடுக்கமும் உறுதி. இரு கருவிகளும் ஒத்துச்சொல்லும் முதலிரு கோடுகளையும், அவை காட்டும் லட்சம் கோடி காஸ் அளவிலான புலத்தையும் ஏற்கலாம். மூன்றாவது கோட்டை, ஆற்றலைத் துல்லியமாகப் பிரிக்கும் வேறொரு கருவி, இந்த இரட்டை அடுத்தமுறை பொங்கும்போது அதே இடத்தில் காணும்வரை, காந்தப்புலக் கணக்கில் சேர்க்கக் கூடாது.