தூதுக்கிளியும் கூட்டுக்கிளியும்: ஃபேரர் பார்க் வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

சிங்கப்பூர் ஃபேரர் பார்க் வட்டாரத்தில் 1843 முதல் 1933 வரை குதிரைப் பந்தயங்கள் நடைபெற்றன. ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் அதற்குச் சான்றாகும். புக்கிட் தீமாவுக்கும் பின்னர்க் கிராஞ்சிக்கும் இடம்பெயர்ந்த அப்பந்தயம் 2024 அக்டோபர் 5-ஆம் நாளோடு முடிவுற்றது. அம்முடிவுக்குக் காரணம் நிலத்தேவையே அன்றிக் குதிரையின்பால் கொண்ட அருளன்று. பொழுதுபோக்கிற்காக உயிர்களை அடைத்துவைத்தல் அறமாகுமா என்னும் வினா ஆங்கு எழவேயில்லை எனலாம். அவ்வினாவை, அருகிலுள்ள சிராங்கூன் சாலையில் தமிழர் நடத்திவந்த கிளிச் சோதிடத்தைக் கொண்டு ஆராய்வோம்.

இருவகைக் கிளிகள்

தமிழிலக்கியத்தில் கிளி இருநிலைகளில் காணப்படுகிறது. பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் அழகர் கிள்ளைவிடு தூதில் அது தலைவியின் தூது. பறக்கும் ஆற்றலே அதற்குரிய தகுதி. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலோ கூட்டிலிருக்கும் கிளி இறைவனின் பெயரைச் சொல்லி அழைக்கிறது. உணவு மறுக்கப்படின் அவனது வேறொரு பெயரைக் கூவுகிறது. இப்பகுதியைப் பக்தியின் முதிர்ச்சியாகவே கற்பித்து வருகிறோம். பசியால் பேசும் உயிரின் நிலையை வகுப்பறையில் நாம் வினவுவது அரிது.

சோதிடக் கிளி

சோதிடரின் கிளி கூண்டிலிருந்து வெளிவந்து, சீட்டொன்றை எடுத்துக் கொடுத்து, நெல்மணி பெற்று மீண்டும் உள்ளே செல்கிறது. அதனை ஊழின் செய்தி கொணரும் தூதுக்கிளியாக நாம் காண்கிறோம். உண்மையில் அது இரைக்காகப் பழக்கப்பட்ட கூட்டுக்கிளியே. தானே கூண்டுக்குத் திரும்புவதை அதன் விருப்பமெனச் சிலர் கொள்வர். சிறகைக் கத்தரிக்கும் வழக்கமும் உள்ள இத்தொழிலில் அவ்வாறு கொள்ளுதல் பொருந்தாது.

2010 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது, லிட்டில் இந்தியாவின் ‘மணி’ என்னும் கிளி நான்கு காலிறுதி ஆட்டங்களின் முடிவையும் சரியாகத் தேர்ந்தது உலகச் செய்தியாயிற்று. இறுதியாட்டத்தில் அது நெதர்லாந்தைத் தேர்ந்தது; வென்றது ஸ்பெயின். கணிப்பு பலித்ததா என்னும் ஆர்வத்தில் கூண்டு மறைந்துபோனது.

சோதிடரைப் பழிப்பது நம் நோக்கமன்று. கிளியை நாள்தோறும் ஊட்டி வளர்ப்பவர் அவரே. காசு கொடுத்துக் கண்டு மகிழ்ந்த நமக்கும் அதில் பொறுப்புண்டு.

முடிவுரை

பயணச் சர்க்கஸ்களில் வனவிலங்குகளைக் காட்டுவதைச் சிங்கப்பூர் 2002 முதல் தடைசெய்துள்ளது. சட்டம் அத்துணை செல்ல, இலக்கியக் கல்வியும் தன் பங்கினை ஆற்றுதல் வேண்டும். கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், அடைத்துவைத்தலுக்கு அவ்வாறு வகுக்கவில்லை. ஆயினும் அருளுடைமையின் எல்லை கொலையோடு நின்றுவிடுவதன்று. எனவே, மேற்கண்ட இரு நூல்களையும் கற்பிக்கும் ஆசிரியர்கள் கிளியின் சொல்லோடு அதன் கூண்டையும் மாணவர்க்குச் சுட்டுதல் நலம். குதிரைக்கு நிலத்தேவை தந்த முடிவைக் கிளிக்கு அருள் தருமாயின், அதுவே நம் இலக்கியக் கல்வியின் பயனாகும்.