கருத்தின் கடனும் சொல்லின் கடனும்

ஒரு படைப்பு புகழ் பெற்றதும் அதன் மூலத்தைத் தேடிப் புறப்படுவோர் எக்காலத்திலும் இருந்திருக்கின்றனர். அத்தேடல் நன்றே. ஆயின், தேடுவோர் கையில் அளவுகோல் ஒன்று வேண்டும். அஃது இல்லாவிடில் ஒரு சாரார் எல்லாவற்றையும் களவு என்பர். மறுசாரார் எதுவுமே களவன்று என்று கைகழுவி விடுவர். ‘ட்ரூ டிடெக்டிவ்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைக் குறித்து 2014ஆம் ஆண்டு அதன் சுவைஞரிடையே எழுந்த வழக்கு இவ்விரு பிழைகளுக்கும் சான்றாகும். கொடூரமும் ஆபாசமும் மிகுந்த அத்தொடரைக் குடும்பத்தோடு காணுமாறு நாம் சொல்லவில்லை. எனினும், நம் இல்லத்து இளைஞர் இத்தகையவற்றைக் காண்கின்றனர். அவற்றைப் பற்றி வாதிடுகின்றனர். வாதிடும் முறையையாவது நாம் கற்பிக்க வேண்டாமா?

அதன் முதற் பருவம் 2014 ஜனவரி முதல் மார்ச் வரை எட்டுப் பகுதிகளாக எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் வந்தது. எழுதியவர் நிக் பிசொலாட்டோ. இயக்கியவர் கேரி ஃபுகுனாகா. லூசியானா மாநிலத்தில் 1995இல் நிகழும் ஒரு கொலையை ரஸ்ட் கோல், மார்ட்டி ஹார்ட் என்னும் துப்பறிவாளர் இருவர் ஆராய்கின்றனர். கொலையுண்ட பெண்ணின் குறிப்பேட்டில் ‘மஞ்சள் மன்னன்’, ‘கார்கோசா’ என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. அப்பெயர்களே சுவைஞரைப் பழைய நூல்களின்பால் செலுத்தின.

‘மஞ்சள் மன்னன்’ என்பது ராபர்ட் சேம்பர்ஸ் 1895இல் வெளியிட்ட கதைத் தொகுதியின் பெயர். அதே பெயருடைய ஒரு நாடகம் அக்கதைகளுள் சிலவற்றில் பேசப்படுகிறது. அதனைப் படிப்போர் சித்தம் கலங்குகின்றனர். கார்கோசாவோ சேம்பர்ஸின் சொந்தப் பொருளன்று. ஆம்புரோஸ் பியர்ஸ் 1886இல் எழுதிய சிறுகதையில் அது பண்டைய நகரம். அந்நகரத்தான் ஒருவன் பாழ்வெளியில் அலைந்து, தன் கல்லறையையே கண்டு, தான் இறந்தவன் என உணர்கிறான். பியர்ஸ் ‘ஹாலி’ என்பதை ஓர் அறிஞரின் பெயராக வைத்தார். சேம்பர்ஸ் அதை ஓர் ஏரியின் பெயராக்கினார். பின்னர் லவ்கிராஃப்ட் அப்பெயர்களைத் தம் கதைக்குள் கொண்டு சென்றார். தொலைக்காட்சித் தொடரிலோ கார்கோசா ஒரு பாழ்கோட்டையின் செங்கற் சுரங்க வழியாகிவிட்டது.

இதனைக் களவென்போர் பெயர்களின் ஒப்புமையை மட்டுமே கண்டவராவர். எடுத்தவர் ஒவ்வொருவரும் எடுத்த பெயருக்குப் புதுப்பொருள் தந்துள்ளனர். அன்றியும், பெயரை மறைக்காமல் எடுப்பதே ஒரு நன்றியறிதல். தொடரைக் கண்டோர் சேம்பர்ஸின் நூலைத் தேடி வாங்கினர். நூறாண்டுக்கு மேற்பட்ட அந்நூலின் விற்பனை அவ்வாண்டு பெருகிற்று. கடன் பெற்றவர் கடன் தந்தவரின் வாயிலுக்கே வழிகாட்டினார் எனலாம்.

இரண்டாவது வழக்கு வேறு தன்மையது. தாமஸ் லிகோட்டி, திகில் இலக்கிய வாசகரிடையே மதிப்புப் பெற்றவர், பெரும்புகழ் நாடாதவர். மனித உணர்வு என்பதே ஒரு தவறு, நாம் பொம்மலாட்டப் பொம்மைகளே என்னும் இருண்ட கொள்கையை விளக்கி 2010இல் அவரது கட்டுரை நூல் வெளிவந்தது. ரஸ்ட் கோலின் உரைகள் சிலவற்றில் அந்நூலின் கருத்தோடு சொற்சேர்க்கையும் ஒத்திருப்பதை 2014 ஆகஸ்டில் ஆர்வலர் சிலர் அடுத்தடுத்து வைத்துக் காட்டினர். பிசொலாட்டோவும் நிறுவனமும் குற்றத்தை மறுத்தனர். ஷோப்பன்ஹவர், நீட்சே, சியோரான் முதலியோர் வழிவந்த பொதுக் கொள்கை அது என்பது எழுத்தாளரின் விடை. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே ஒரு செவ்வியில் லிகோட்டியின் பெயரை அவர் சொல்லியிருந்தார் என்பதையும் நீதி கருதிக் குறித்தல் வேண்டும்.

இங்கே அரபுத் திறனாய்வு நமக்கு உதவுகிறது. முதனப்பியின் கவிதைகள் களவு என்று பழிக்கப்பட்ட பத்தாம் நூற்றாண்டில், காழி அலீ அல்ஜுர்ஜானீ அவருக்கும் அவர்தம் எதிரிகளுக்கும் இடையே நடுவர் நிலையில் நின்று ‘அல்வஸாத்தா’ என்னும் நூலை இயற்றினார். எல்லார்க்கும் பொதுவான கருத்தில் களவு இல்லை. ஒருவர் தமதாக்கிக் கொண்ட தனிச் சிறப்பில்தான் அவ்வினாவே எழும் என்பது அவர் காட்டிய நெறி. அவ்வளவுகோலால் அளந்தால், பிசொலாட்டோவின் விடை பாதி வழக்கையே தீர்க்கிறது. துயரக் கொள்கை பொதுவுடைமை; லிகோட்டியே அதனை நார்வே நாட்டுச் சாப்ஃபே 1933இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்த்தெடுத்தார். ஆனால் அவர் சாப்ஃபேயின் பெயரைத் தம் நூலில் வெளிப்படையாகச் சொல்லியே வளர்த்தார். கருத்து பொதுவாயினும் அதற்கு ஒருவர் உழைத்துக் கொடுத்த சொல்வடிவம் பொதுவன்று.

கதைமாந்தன் பேசும்போது மேற்கோள் காட்ட இயலுமா என வினவலாம். இயலாதுதான். ஆயினும் தொடரின் முடிவில் ஒரு வரி நன்றியுரைக்கு இடமில்லாமற் போகாது. இலட்சக்கணக்கானோர் காணும் தொலைக்காட்சிக்கு அவ்வொரு வரி சிறிது. சிறு பதிப்பகத்தின் வழியே நூல் வெளியிட்ட எழுத்தாளருக்கு அது பெரிது.

இதனால் தொடர் முழுவதும் களவாகிவிடாது. இறுதிப் பகுதியில் காயமுற்ற ரஸ்ட் கோல், இறந்த தன் மகளின் அன்பை உணர்ந்ததாகக் கூறி அழுகிறான். இருளைவிட ஒளி வென்று வருவதாக எண்ணுகிறான். லிகோட்டியின் நூல் இத்தகைய ஆறுதலை ஏற்பதில்லை. ஆகவே எடுத்தாண்ட கொள்கையோடு தொடர் வாதிடவும் செய்கிறது. அதுவே அதன் தகுதி. பெயர் சொல்ல வேண்டியதன் காரணமும் அதுவே. இமாம் கஸ்ஸாலீ தத்துவவாதிகளை மறுக்குமுன் ஃபாராபீ, இப்னு சீனா என்று பெயர் கூறியே மறுத்தார். எதிர்வாதியின் பெயரைச் சொல்வதால் மறுப்புக்கு வலிமை கூடுமேயன்றிக் குறையாது.

ஆதலின், வழக்காடும் இளைஞர்க்கு நாம் சொல்லத்தக்கவை மூன்று வினாக்களே. எடுத்தது பொதுக் கருத்தா, ஒருவரின் தனிச்சொல்லா? எடுத்தவர் அதனை மாற்றினாரா? உரியவரைச் சுட்டினாரா? முதல் வழக்கில் தொடர் மூன்றிலும் தேறுகிறது. இரண்டாவதில், மாற்றியது உண்மை, சுட்டியது போதாது. களவென்னும் கடுஞ்சொல்லை நாம் சொல்லோம். கடன் தீர்ந்தது என்றும் சொல்லோம்.