குலுக்கலில் பெயர் இல்லாதவர்கள்: அமெரிக்க வேட்டைக் கதையாடல் குறித்துச் சில குறிப்புகள்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களைச் சேர்ந்த வேட்டைக்காரர்கள் எழுதுகிற அனுபவக் கட்டுரைகளைக் கொஞ்ச காலமாக வாசித்து வருகிறேன். வேட்டை மேல் ஆசை வந்து அல்ல. ஒரு சமூகம் தன் ஏமாற்றத்தை எப்படிக் கதையாக்கிக்கொள்கிறது என்று பார்க்க இந்தப் பிரதிகள் தோதானவை.

கதை அநேகமாக ஒன்றுதான். கொலராடோ, வயோமிங், யூட்டா, நெவாடா போன்ற மாநிலங்களில் எல்க் மானோ, பிக்ஹார்ன் மலையாடோ நல்ல கொம்போடு கிடைக்கிற காடுகளுக்குள் நினைத்தவுடன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. ஒரு பகுதிக்கு இத்தனை சீட்டு என்று அரசு நிர்ணயித்துக் குலுக்கல் போடுகிறது. பெயர் விழாதவருக்குப் பல மாநிலங்களில் ஆறுதலாக ஒரு புள்ளி. புள்ளி சேரச் சேர வாய்ப்பு கூடும். இப்படி 15, 20 வருஷம் காத்திருந்து ஒருநாள் சீட்டு விழுகிறது. அதற்குள் மனசில் ஒரு மான் ராட்சசக் கொம்போடு வளர்ந்து நிற்கிறது. காட்டுக்குப் போனால் வெயில், கூட்டம், சின்னக் கொம்பு. 2022-23 பனிக்காலத்தில் மேற்கு வயோமிங்கில் மியூல் மான்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அந்தப் பகுதிக்காகப் புள்ளி சேர்த்தவர்கள் கதி என்ன? கடைசியில் எழுதுகிறவர், 'கொம்பா முக்கியம்? மலையும் நண்பர்களும்தான்' என்று முடித்துவிடுகிறார்.

இந்த முடிவைத்தான் நான் சந்தேகிக்கிறேன். ஹெமிங்வே தன் ஆப்பிரிக்க வேட்டை நூலில் (1935), தன்னுடையதைவிடப் பெரிய கொம்போடு கூடாரத்துக்கு வந்த கூட்டாளியின் மேல் எழுந்த பொறாமையை மறைக்கவில்லை. இவர்களோ ஏமாற்றத்தைச் சொந்த மனப்பக்குவமாக மாற்றிவிடுகிறார்கள். தப்பு வானிலையுடையது, அல்லது அதிகமாக எதிர்பார்த்த மனசுடையது. சீட்டு போட்டவன் மட்டும் கதைக்குள் வருவதே இல்லை.

ஆனால் ஏமாற்றம் கணக்கிலேயே இருக்கிறது. சீட்டு 10, வரிசையில் 1,000 பேர் என்று வையுங்கள். வருஷா வருஷம் 10 பேர் வெளியேற, 50 பேர் புதிதாகச் சேருகிறார்கள். இன்று 20 புள்ளி கேட்கிற இடத்துக்கு 20 வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தால் வாசல் இன்னும் தள்ளிப் போயிருக்கும். இதற்கு 'பாயிண்ட் க்ரீப்' என்று பேரே வைத்திருக்கிறார்கள். புள்ளிக்கும் பல இடங்களில் காசு கட்ட வேண்டும். ஆக, விற்கப்படுவது மான் அல்ல, காத்திருப்பு.

குலுக்கலாவது எல்லாருக்கும் சமமா? வெளிமாநிலத்தாருக்கான சீட்டில் 40 சதவீதத்தைக் கூடுதல் விலை கொடுப்பவர்களுக்கென வயோமிங் நெடுங்காலம் ஒதுக்கி வந்தது. 2013இல் மொன்டானாவின் ஒரே ஒரு மலையாட்டுச் சீட்டு 4,80,000 டாலருக்கு ஏலம் போனது. அந்தப் பணத்தில்தான் ஆடுகள் பிழைத்தன என்பார்கள். உண்மைதான், 1937 முதல் துப்பாக்கி, தோட்டா வரியும் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. அதை நான் மறுக்கவில்லை. கேள்வி வேறு.

ஐரோப்பாவில் மான் ராஜாவுக்குச் சொந்தம், அமெரிக்காவில் மக்களுக்குச் சொந்தம் – இதுதான் இந்தக் கதைகளுக்கெல்லாம் அடியில் கிடக்கிற பெருங்கதையாடல். 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கீர் வழக்கில், காட்டு விலங்குகளை மக்களுக்காக மாநிலம் பொறுப்பில் வைத்திருக்கிறது என்றது. அதே வருஷம், அதே நீதிமன்றம், ரேஸ் ஹார்ஸ் என்ற பானக் பழங்குடி மனிதரின் வழக்கில், வயோமிங் மாநிலமானதோடு 1868 உடன்படிக்கை தந்த வேட்டை உரிமை முடிந்தது என்றது. ஒரு கை மக்களுக்குக் கொடுக்க, இன்னொரு கை 'மக்கள்' யார் என்று வரையறுத்தது. 'பொது' என்கிற தன்னிலை இப்படித்தான் கட்டமைக்கப்பட்டது.

2014 ஜனவரியில் க்ரோ பழங்குடியைச் சேர்ந்த கிளேவின் ஹெரேரா, எல்க் கூட்டத்தின் பின்னால் வயோமிங் எல்லை தாண்டிப் போய்ச் சுட்டு, இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சீட்டு இல்லை, பருவம் இல்லை என்று வழக்கு. அவர் காட்டியது 1868இல் தன் மக்கள் போட்ட உடன்படிக்கையை. 2019இல் 5-க்கு 4 என்ற கணக்கில், மாநிலம் உருவானதால் அந்த உரிமை அழிந்துவிடவில்லை என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அத்தோடும் முடியவில்லை; வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பி மேலும் இழுபட்டது.

20 வருஷம் காத்திருந்தவரின் ஏமாற்றம் ஓர் இலக்கிய வகையாகிவிட்டது. 151 வருஷம் காத்திருந்தவர்களுடையது சட்டப் புத்தகத்தில் வழக்குப் பெயராகக் கிடக்கிறது. நான் படித்த கட்டுரைகளில் மலை உண்டு, பனி உண்டு, தூரத்துக் கொம்பு உண்டு. அந்த மலையில் முன்பு வேட்டையாடியவர்கள் யார் என்ற கேள்வி மட்டும் இல்லை. வேட்டைக்காரர்களின் வருத்தம் பொய் என்று நான் சொல்லவில்லை. இருபது வருஷத்தைக் கேட்டு வாங்கிய அமைப்பின் மேல் வர வேண்டிய கோபம் வானிலையின் மேல் போய்விடுகிறது, அவ்வளவுதான். வாசகர்களிடம் நான் கேட்பது ஒன்றே: 'எல்லாருக்கும் பொது' என்று ஒரு பிரதி சொல்லும்போது, குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கவே விடப்படாதவர்கள் யார் என்று கேட்டுவிட்டுப் பிறகு அதன் வருத்தத்தில் பங்கெடுங்கள்.