பற்றரியை எங்கே இறக்குவது?

2022 ஆகஸ்ட்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெயில் வள்ளம் ஓட்டி அந்த அடியை வாங்கிய கரையில் மின் எஞ்சின் மேல் கண் போவதில் வியப்பில்லை. ஜெர்மனியின் மின் எஞ்சின் நிறுவனமான டோர்கீடோவை 2024-இல் யமஹா வாங்கிவிட்டதால், அந்தப் பெயரும் நமக்கு இனி அந்நியமல்ல. அதன் குரூஸ் 10 மோட்டர் 20 குதிரைவலுவுக்கு ஈடு என்கிறது நிறுவனம். எடை ஏறக்குறைய 60 கிலோ. 5 கிலோவாற்மணி லிதியம் பற்றரி ஒன்று 37 கிலோவை நெருங்கும்; இரண்டு வேண்டும். மன்னாரில் அடம்பனை அடுத்த விடத்தல்தீவில் ஓடுவது போன்ற 18 அடி பைபர் வள்ளத்தில் இந்த எடையை எங்கே வைப்பது என்பதுதான், இந்தச் சாமான் உதவுமா உதவாதா என்பதைத் தீர்மானிக்கும்.

எண்ணெய்க் கலன் இருந்த இடத்திலேயே, மோட்டருக்குப் பக்கத்தில் பற்றரியை வைக்கத்தான் கை போகும். அங்கே மோட்டர், பற்றரி, ஓட்டுபவர் எல்லாம் சேர்ந்து 200 கிலோவைத் தாண்டிவிடும். பின்பக்கம் அமுங்கி அணியம் தூக்கும். பாக்கு விரிகுடாவின் அந்த ஓரம் சேறும் கடற்புல்லுமான ஆழமில்லாத கடல். பின்பக்கம் நாலு விரல் இறங்கினாலே காற்றாடி சேற்றைக் கிண்டும். பின்னிருந்து வரும் அலையும் எளிதில் உள்ளே ஏறும். இன்னொன்று: எண்ணெய் எரிய எரியக் கலன் இலேசாகும், பற்றரியோ தீர்ந்தாலும் அதே எடைதான். மீனோடு திரும்பும்போதும் அது ஒரு கிராம் விட்டுத்தராது. ஆகவே நடுவில், அடித்தளத்தை ஒட்டி, நடுக்கோட்டின் இருபுறமும் ஒவ்வொன்றாக வைப்பதே சரி. அணியத்தின் நுனிக்குத் தள்ளுவதும் பிழைதான். எதிர் அலையில் மூக்குக் குத்தும்.

வயர் நீண்டால் மின்சாரம் வீணாகாதா? கணக்குப் பார்க்கலாம். முழு வேகத்தில் 48 வோல்ற்றில் சுமார் 208 அம்பியர் ஓடும். 70 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் போகவும் வரவும் 8 மீற்றர் என்றால், இழப்பு 90 வாற்றுக்கும் குறைவு. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. செம்பு மட்டும் 5 கிலோ கூடும், செலவும் கூடும். அதைக் கொடுக்கலாம். வலை இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பற்றரியை வைத்தால் சமன்படும் என்ற வாதம் இழுக்கும் நேரத்துக்கு மட்டும் பொருந்தும். வலை உள்ளே வந்தபின் வள்ளம் மறுபக்கம் சாயும். வலை போடும் இடத்தைப் பற்றரி பிடித்துக்கொள்கிறது என்ற குறை மட்டும் நியாயமானது. இருக்கைப் பலகைக்குக் கீழே பெட்டி கட்டினால் அது பாதி தீரும், முழுதாகத் தீராது.

தூரக் கடலுக்கு மின் எஞ்சின் ஆகாது. 25 லீற்றர் மண்ணெண்ணெயின் எடை 20 கிலோ. அதன் சக்தியில் ஐந்திலொரு பங்குதான் வேலைக்கு வரும் என்று வைத்தாலும், இந்த 74 கிலோ பற்றரிகளைவிட நாலைந்து மடங்கு அதிகம். முழு வேகத்தில் பற்றரி ஒரு மணி நேரமே தாங்கும். கரையோர நண்டு வலைக்கு, மெதுவாகப் போய்வருபவருக்குச் சரிவரலாம். வாங்க நினைப்பவர் காசைக் கட்டுமுன் இரண்டு மூட்டையில் 74 கிலோ மணல் நிரப்பி முதலில் பின்பக்கம், பிறகு நடுவில் வைத்து, இரண்டு தடவையும் பின்பலகையில் தண்ணீர் நிற்கும் இடத்தில் சோக்கால் கோடு போட்டுப் பார்க்கட்டும்.