முளைக்குழாய்ச் சோதனை

கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் ஈஸ்ட்டை இனங்காண மிக மலிவான வழி முளைக்குழாய்ச் சோதனை. அரை மில்லி மனித சீரத்தில் காலனியிலிருந்து ஊசிமுனையளவு எடுத்துக் கலந்து, 37 டிகிரி செல்சியஸில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். சீரத்துக்குப் பதில் முட்டை வெள்ளைக்கருவும் உதவும். பிறகு ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்தால், உருண்டைச் செல்லிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று நீண்டிருக்கும்; அது புறப்படும் இடத்தில் இடுக்கம் இராது. அந்த இடுக்கமின்மையே அடையாளம். நேரம் கடந்தால் மற்றோர் இனமான கேண்டிடா டிராபிகாலிஸும் இழை விடும். அதன் அடி குறுகியிருக்கும். கேண்டிடா டப்ளினியென்சிஸும் முளைக்குழாய் விடும் என்பதால் ஐயம் முழுதும் தீராது. அல்பிகன்ஸிலேயே சில வகைகள் முளைக்குழாய் விடுவதில்லை. ஆயினும் விலையுயர்ந்த கருவிகள் இல்லாத ஆய்வகத்தில், காலனி வளர்ந்த அன்றே விடை சொல்லும் முதல் சோதனையாக இதையே நம்பலாம்.