வாசகரின் இருக்கை

அகதியைப் பற்றிய புனைவைக் கண்ணீரால் அளக்க முடியாது. ‘நல்ல அகதி’க்காக மட்டும் அழப் பழகிய மனம் அடுத்து வருபவரைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். கதை வாசகரை எங்கே உட்காரவைக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மொஹ்சின் ஹமீதின் ‘எக்ஸிட் வெஸ்ட்’ (2017) பெரிதும் கொண்டாடப்பட்ட நாவல். போர் சூழ்ந்த நகரிலிருந்து சயீதும் நாதியாவும் மாயக் கறுப்புக் கதவுகள் வழியே மைகொனோஸ், லண்டன், கலிபோர்னியா என்று போகிறார்கள். படகும் பிணமும் பார்த்து மரத்துப்போன வாசகரை, புறப்பாட்டுக்கு முந்தைய சாதாரண வாழ்வின் பக்கம் திருப்புகிறது இந்த உத்தி. தொழுகை வழக்கமில்லாத நாதியா ஆண்களின் தொல்லைக்கு அஞ்சி உடல் மூடும் கறுப்பு அங்கி அணிகிறாள். அந்த ஒரு விவரத்திலேயே அவள் முழு ஆளாகிவிடுகிறாள். ஆனால் படிவம், முத்திரை, காத்திருப்பு என்று எல்லையைக் கட்டிக்காக்கும் அன்றாட நிர்வாகம் கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது. அந்த நிர்வாகத்துக்கு வரி கட்டும் வாசகரும் உறுத்தலின்றித் தப்பிவிடுகிறார்.

கஸ்ஸான் கனஃபானி தப்பவிடுவதில்லை. 1963இல் வெளியான அவருடைய ‘வெயிலில் மனிதர்கள்’ குறுநாவலில் மூன்று பாலஸ்தீனர்கள் பஸ்ராவிலிருந்து குவைத்துக்குக் கள்ளத்தனமாகப் புறப்படுகிறார்கள். சோதனைச் சாவடி வந்ததும் காலித் தண்ணீர் லாரியின் இரும்புத் தொட்டிக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். சில நிமிடங்கள்தான் என்கிறான் ஓட்டுநர். இரண்டாவது சாவடியில் அதிகாரி, ஒரு நடனக்காரியோடு அவனை இணைத்துக் கேலி பேசியே நேரத்தைக் கடத்துகிறார். மூவரும் வெந்து சாகிறார்கள். கொலை செய்தது ஒரு வெட்டி அரட்டை. அந்த நிமிடங்களில் கதை தொட்டிக்குள் எட்டிப்பார்ப்பதே இல்லை. நாமும் அலுவலக அறையில்தான் நிற்கிறோம். துயரத்தைக் காட்சிப்பொருளாக்க மறுக்கும் இந்தக் கட்டுப்பாடே படைப்பின் ஆகப்பெரிய சாதனை.

அந்த மூவரில் ஒருவனான மர்வானின் தந்தை இன்னொரு சாதனை. குண்டுவீச்சில் காலிழந்த ஷஃபீகாவிடம் காரைக் கூரை போட்ட மூன்றறை வீடு இருக்கிறது என்பதற்காகவே, மனைவி மக்களைக் கைவிட்டு அவளை மணக்கிறார் அவர். கனஃபானி அவரை நியாயப்படுத்தவில்லை, தண்டிக்கவும் இல்லை. மண்குடிசையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவனுக்கு ஒரு கூரை என்னவாகத் தெரியும் என்பதை மட்டும் உணரவைக்கிறார். ஆனால் ஷஃபீகா பேரத்தின் ஒரு சரக்காகவே நின்றுவிடுகிறாள். அது சிறிய குறையல்ல. 1948 போரில் ஆண்மையிழந்த ஓட்டுநர் தோற்ற தலைமையின் குறியீடாக விறைத்துப்போவதும் கதைக்குப் பாரம்தான்.

ஏன் தொட்டியைத் தட்டவில்லை என்று செத்தவர்களையே ஓட்டுநர் கேட்கும் முடிவு கடுமையான விவாதத்துக்குரியது. தவ்ஃபீக் ஸாலிஹ் இதைத் தழுவி 1972இல் எடுத்த திரைப்படத்தில் அவர்கள் தட்டுகிறார்கள், யாருக்கும் கேட்பதில்லை. நியாயம் படத்தின் பக்கம் இருக்கிறது. கலைவலு, சந்தேகமில்லாமல், குறுநாவலின் பக்கம்.

வாசகரை எங்கே உட்காரவைக்கிறது என்ற அளவுகோலில் தமிழுக்கு ஒரு முதன்மையான இடம் உண்டு. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) பிரான்சில் தஞ்சம் கோரும் விண்ணப்பமாகத் தொடங்குகிறது. வாசகர் அதைப் பரிசீலிக்கும் அதிகாரியின் நாற்காலியில் அமர்த்தப்படுகிறார். பின்னர் விரியும் கதையில் நாயகன் ரொக்கிராஜ் தூயவனாக இல்லை, ஒரே சமயத்தில் வன்முறையின் கருவியாகவும் இரையாகவும் இருக்கிறான். நாவலின் துண்டுத்துண்டான கட்டமைப்பு சில இடங்களில் சிதறவே செய்கிறது. ஆயினும் ஹமீது தவிர்த்த நிர்வாகமும், கனஃபானி குறியீட்டுக்குப் பலிகொடுத்த தனிமனிதச் சிக்கலும் இங்கே ஒருசேரக் கிடைக்கின்றன.