செம எனர்ஜியாம்!

‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் கச்சேரி முடிந்து வெளியே வருகிறவர்கள் வாயில் ஒரே வார்த்தைதான்: ‘செம எனர்ஜி!’ பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்த வார்த்தையைச் சும்மா விட முடியாது.

பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 19 பேர் குழு இது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. கானா, ராப், ராக் மூன்றும் கலந்தது. பறை, சட்டி, கட்ட மோளம் ஒருபக்கம். கிதார், டிரம்ஸ் இன்னொரு பக்கம். அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதி பேதமற்ற’ என்கிற சொல்லிலிருந்து எடுத்த பேர்.

மைதானத்தில் இவர்களைப் பார்ப்பது வேறு, நாலு சுவருக்குள் பார்ப்பது வேறு. சின்ன அரங்கில் பறைச் சத்தம் காதுக்கு முன்னாடி நெஞ்சில் விழுகிறது. ஒதுங்கி நிற்க இடமில்லை. வியாசர்பாடிப் பையனும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரனும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வேர்க்கிறார்கள். தீட்டு என்பதே தூரத்தின் கணக்குதானே? ஊருக்கும் சேரிக்கும் நடுவே போட்ட தூரம் அது. ரெண்டு மணி நேரத்துக்கு அந்தக் கணக்கு செல்லாமல் போகிறது. இது லேசான காரியமில்லை.

இந்த இசையை ‘இண்டி’ என்கிறார்கள். சினிமாக் கம்பெனி தயவில் இல்லாத இசை என்று அர்த்தமாம். அப்படிப் பார்த்தால் கானா எப்பவும் இண்டிதான். சாவு வீட்டு வாசலில் பந்தல் போட்டு ராத்திரி முழுக்கப் பாடிய மரண கானாவுக்கு எந்தக் கம்பெனி படியளந்தது? 1990களில் தேவா இசையில் கானா சினிமாவுக்குள் போனது. மெட்டு போனது, சேரியின் துக்கமும் கேள்வியும் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிட்டன. நம்ம ஆளுங்களுக்குச் சின்ன அரங்கு புதுசில்லை. டிக்கெட்தான் புதுசு.

பறையைப் பற்றி நம் இயக்கங்களுக்குள் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. ‘அடிமைத் தொழில், இனி அடிக்க மாட்டோம்’ என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. ‘இது நம் விடுதலைக் கருவி’ என்று கையிலெடுத்தவர்களும் உண்டு. ரெண்டிலும் நியாயம் இருக்கிறது. ஊர்க்காரன் ஆளனுப்பிக் கூப்பிட்டு அடிப்பது வேறு, தன் பாட்டுக்குத் தானே அடிப்பது வேறு. இந்த மேடையில் நடப்பது ரெண்டாவது. அதனால்தான் அடிக்கிறவர் முகம் நிமிர்ந்திருக்கிறது.

குறையும் இருக்கிறது. தோல்பறையைத் தீயில் காய்ச்சினால்தான் சுதி ஏறும். அரங்குக்குள் தீ மூட்ட விடமாட்டார்கள். வெளியே காய்ச்சிக் கொண்டுவந்தாலும் குளிர்சாதனக் காற்றில் தொய்ந்துபோகும். கூடவே கிதாரும் டிரம்ஸும் ஸ்பீக்கரில் ஏறும்போது சட்டியின் நுணுக்கமான அடி அமுங்கிவிடுகிறது. அதோடு வார்த்தையும் போய்விடுகிறது. இடஒதுக்கீடு ஏன் என்று கேட்கிறவனுக்குப் பதில் சொல்கிற பாட்டு, மாட்டுக்கறிப் பாட்டு — இவையெல்லாம் வார்த்தைக்காகவே கட்டப்பட்டவை. வார்த்தை கேட்காவிட்டால் மிஞ்சுவது துள்ளல் மட்டும். ஆடுறதுல தப்பில்ல. நாமும் ஆடத்தான் செய்கிறோம். ஆனா, தன்னைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று தெரியாமலே ஆடிவிட்டுப் போகிறானே, அவனுக்கு ‘எனர்ஜி’ வசதியான வார்த்தை. பாட்டு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.

ஆண்களின் கூடாரமாக இருந்த கானாவில் இசைவாணி நின்று பாடியதும் இப்படித்தான் பார்க்கப்பட்டது. 2020இல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பேர் வந்தது, நல்லது. ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் இருப்பது பிறவித் துடிப்பு இல்லை, வருஷக்கணக்கான பயிற்சி. சபாவில் பாடினால் ‘சாதகம்’, சேரியிலிருந்து பாடினால் ‘எனர்ஜி’யா? உழைப்பையும் அறிவையும் நமக்குத் தர மறுத்து, உடம்பை மட்டும் விட்டுவைக்கிற பழைய புத்திதான் இது.

எனவே, பாராட்டுகிறவர்கள் அடுத்த முறை எந்த அடி, எந்தச் சொல், யார் கை என்று எழுதட்டும். கலைஞர்கள் சட்டிக்கும் வார்த்தைக்கும் மைக்கில் முதல் இடம் கேட்டு வாங்கட்டும். டிக்கெட் வாங்க முடியாத தெருவிலும் இந்தக் கச்சேரி நடக்கட்டும். அங்கே வார்த்தை தப்பினால் கேட்கிறவர்கள் உடனே கத்துவார்கள். இந்த இசைக்கு அதுதான் சரியான விமர்சனம்.